பழைய கணனிகளுக்கு உயிர் கொடுப்பவர்கள்

பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதுதான் இந்த நாட்டுச் சனங்களின் பழக்கம் என்று நான் நீண்டகாலம் நினைத்திருந்தேன். ஜேர்மனிக்கு வந்த புதிதில், வீதியோரம் போடப்பட்டிருந்த நல்ல ரீவிகளையும் கதிரைகளையும் கண்டு உங்களைப்போல நானும் வாயைப் பிளந்தவன்தான். அந்த நினைப்பை மாற்றியது ஒரு சப்பாத்துப் பெட்டி.

எமது நகரத்துத் தமிழ்ப் பாடசாலையின் அலுமாரியைத் துப்பரவு செய்தபோது அந்தப் பெட்டி அகப்பட்டது. உள்ளே 17 டிஸ்கெற்றுகள். மூடியில் “ஆண்டு விழா மலர், 1997” என்று பேனையால் எழுதியிருந்தது. அந்த மலரின் அச்சுப் பிரதி ஒன்றுகூட இப்போது யாரிடமும் இல்லை. அதில் எழுதியவர்களில் மூவர் காலமாகிவிட்டார்கள். “இதை இனி ஆர் பாக்கிறது, குப்பையில போடுங்கோ” என்றார் ஒருவர். எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கொண்டுவந்து என்ன செய்வது? வீட்டிலிருக்கும் கணனியில் டிஸ்கெற் போட ஓட்டையே இல்லை. நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்று ஷிப்ற்றும் மாறி மாறி வேலை. என்னோடு மெசினில் நிற்கும் ஒரு ஜேர்மன்காரரிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சனிக்கிழமை என்னோடு வா” என்றார்.

கெல்லருக்குள் ஒரு பட்டறை

அவர் கூட்டிச்சென்றது ஒரு பழைய கட்டிடத்தின் கெல்லருக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இளைப்பாறிய மின்சார வேலைக்காரர், பஸ் ஓட்டுநர், ஆசிரியை ஒருவர், இரண்டு மாணவர்கள். மேசை முழுவதும் நாற்பது வருடத்துக்கு முந்திய கணனிகள்: கொமடோர் 64, அமிகா 500, அற்றாரி எஸ்ரி, ஜேர்மனியில் ஷ்னைடர் என்ற பெயரில் விற்கப்பட்ட சிபிசி 464. சிலர் ஒவ்வொரு மொடலிலும் ஒன்று சேர்க்கிறார்கள். சிலர் சேர்ப்பதே இல்லை. திருத்துவதோடு சரி, பிறகு கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்காக யாரும் சம்பளம் வாங்குவதில்லை.

எனக்கு முதலில் காட்டியது கொமடோர் 64. 1982 இல் 595 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதன் நினைவகம் 64 கிலோபைற் மட்டுமே. 8 ஜிகாபைற் உள்ள ஒரு கைத்தொலைபேசியின் நினைவகம் இதைவிட 131,072 மடங்கு பெரியது. ஆனால் சுவிச்சைப் போட்டவுடன் நீலத்திரையில் “றெடி” என்று எழுத்து வந்து நிற்கிறது. காத்திருக்க வேண்டியதில்லை.

அதைத் தலைகீழாகப் பிரட்டிப் பார்த்தேன். மேற்கு ஜேர்மனியில் செய்யப்பட்டது என்று அடியில் இருந்தது. பிறவுன்ஷ்வைக் நகரில் கொமடோருக்குத் தொழிற்சாலை இருந்ததாம். என்னைப்போல ஷிப்ற்றில் நின்ற யாரோ ஒருவரின் கை பட்ட பொருள் இது.

தட்டச்சு திருத்தியவர்

கொமடோரைத் தொடங்கியவரின் கதையை எம்மவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஜாக் ட்ரமியெல் 1928 இல் போலந்தின் லொட்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகள் அவரைக் குடும்பத்தோடு கெற்றோவில் அடைத்தார்கள். பிறகு அவுஷ்விட்ஸ். அங்கிருந்து தந்தையோடு ஹனோவர் நகரின் ஆலெம் என்ற இடத்திலிருந்த கட்டாய வேலை முகாமுக்கு அனுப்பப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தபோது மகன் உயிரோடிருந்தார்.

1947 இல் அமெரிக்கா போனார். இராணுவத்தில் சேர்ந்து அங்கே தட்டச்சு இயந்திரம் திருத்தப் பழகினார். நியூயோர்க்கில் ரக்சி ஓட்டிக்கொண்டே தட்டச்சு திருத்தும் கடை ஒன்றைப் போட்டார். பிறகு எங்கள் சனம் நிறைந்திருக்கும் அதே ரொறன்ரோவுக்குப் போய், 1950களில் கொமடோர் நிறுவனத்தைத் தொடங்கினார். தட்டச்சு, பிறகு கணக்குப் பார்க்கும் கருவி, பிறகு கணனி என்று அது வளர்ந்தது. அவர் 1984 ஜனவரியில் விலகினார். நிறுவனம் 1994 இல் வங்குரோத்தானது. அவர் 2012 இல் காலமானார்.

ஆலெமிலிருந்து பிறவுன்ஷ்வைக் சுமார் 60 கிலோமீற்றர்தான். தன் தந்தையை இழந்த மண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் அவருடைய நிறுவனத்தின் தொழிற்சாலை நின்றிருக்கிறது.

எது பழுதாகிறது, எப்படித் திருத்துகிறார்கள்?

முதல் பாடம்: வருடக்கணக்காகக் கிடந்த கணனியை உடனே மின்சாரத்தில் கொழுவக்கூடாது. கொமடோர் 64 இன் மின்வழங்கிப் பெட்டி 5 வோல்ற் கொடுக்க வேண்டும். அது பழுதானால் வோல்ற் கூடி, உள்ளே இருக்கும் நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். அதனால் பெட்டியை மட்டும் தனியாகக் கொழுவி, மல்ரிமீற்றரால் அளந்து பார்த்த பிறகே கணனியில் செருகுகிறார்கள்.

இரண்டாவது கப்பாசிற்றர். சிறிய தகரப்பேணி போல் இருக்கும் இதற்குள் ஒரு திரவம் இருக்கிறது. காலம் போக அது வற்றும், அல்லது கசிந்து பலகையில் ஓடும் செப்புக் கோடுகளை அரிக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும்.

மூன்றாவது பற்றறி. 1987 இல் வந்த அமிகா 2000 போன்றவற்றில், நேரத்தை நினைவில் வைத்திருக்க ஒரு சிறிய பற்றறி பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அது கசிந்தால் பலகை பச்சை பூத்துப்போகும். கசிவது காரம் என்பதால் அமிலத்தால் முறிக்கிறார்கள். எதனால் தெரியுமா? குசினியில் இருக்கும் வினாகிரியால்! அறுந்த செப்புக் கோட்டுக்குப் பதிலாக மயிர்போன்ற கம்பியை வைத்து இணைக்கிறார்கள்.

பற்றறியைக் கழற்றும்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எங்களுக்குப் பற்றறி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் அப்பா வானொலிச் செய்தி கேட்பார். எனக்கு அப்போது பத்து வயது. இதை என் அரைகுறை ஜேர்மன் மொழியில் சொன்னேன். இளைப்பாறிய அந்த மின்சார வேலைக்காரர் ஈயம் பற்றவைக்கும் கோலை என் கையில் தந்து, “அப்படியானால் நீயே செய்” என்றார்.

மஞ்சளாகிப்போன வெளிக்கூட்டையும் அவர்கள் விடுவதில்லை. தலைமயிரின் நிறத்தைப் போக்கப் பயன்படுத்தும் ஐதரசன் பேரொட்சைட்டைப் பூசி வெய்யிலில் வைத்தால் பழைய நிறம் பெரும்பாலும் திரும்புகிறது.

சப்பாத்துப் பெட்டி திறந்தது

எங்கள் டிஸ்கெற்றுகளில் நான்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்படியே போட்டிருந்தால் வாசிக்கும் தலை அழுக்காகி மற்றவற்றையும் கீறிவிடுமாம். அவற்றைத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டார்கள். 11 முழுமையாக வந்தன. 3 அரைகுறை. 3 வரவேயில்லை.

பக்கங்கள் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டிருந்தன. இன்றைய கணனிகள் அதைச் சாதாரணமாகத் திறக்கா. அவர்களிடம் விண்டோஸ் 95 ஓடும் கணனி ஒன்று திருத்தி வைத்திருந்ததால் திறந்தது. ஆனால் திரையில் வந்தது வெறும் ஆங்கில எழுத்துகள். “கெட்டுப்போய்விட்டது” என்று தலையை ஆட்டினார்கள்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. வவுனியாவில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் ஆறு மாதம் தட்டச்சு அடித்தவன் நான். அந்த ஐந்து விசைகளையும் பாமினி எழுத்துருவில் அடித்தால் வருவது “தமிழ்” என்ற சொல். கெட்டுப்போகவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினியை ஏற்றியதும் திரை முழுவதும் தமிழாக மாறியது. அந்த அறையிலிருந்த அத்தனை கெட்டிக்காரருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபின் எனக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

காலமான ஒருவர் தன் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரை அதில் இருந்தது. அச்சடித்து அவரது மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை வாசித்தார். “இவர் இப்பிடியெல்லாம் எழுதினவர் எண்டு நானே மறந்துபோனன் தம்பி” என்றார்.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் 1985 இல் அமிகா கணனியில் வரைந்த படங்கள் டிஸ்கெற்றுகளில் முடங்கிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணனிக் கழகத்தினர் மீட்டெடுத்த அந்தப் படங்கள் 2014 இல்தான் வெளிவந்தன.

நீங்கள் செய்யக்கூடியவை

1. வீட்டிலோ சங்கத்திலோ பழைய டிஸ்கெற், கசெற் இருந்தால் எறியாதீர்கள். காந்தம், ஈரம், ஹீற்றர் சூடு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

2. பூஞ்சணம் பிடித்ததை நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

3. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையைத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

4. மீட்டதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பாமினியில் உள்ளதை யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

5. உங்கள் நகரில் றிப்பேர் கஃபே இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2009 இல் அம்ஸ்ரடாமில் தொடங்கிய இந்த முயற்சி இப்போது ஜேர்மனியில் பல நகரங்களில் நடக்கிறது. தொண்டர்கள் உங்களோடு சேர்ந்திருந்து திருத்தித் தருவார்கள். மொழி குறைவாக இருந்தாலும் கைவேலை தெரிந்தவருக்கு அங்கே இடமுண்டு.

6. பிள்ளைகளைப் பாடர்போர்ண் நகரிலுள்ள ஹைன்ஸ் நிக்ஸ்டோர்வ் கணனி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிச்செல்லுங்கள். 1996 இல் திறக்கப்பட்டது. ஒரு நாள் முழுவதும் பார்க்கலாம்.

நான் இப்போதும் இரவு ஷிப்ற் இல்லாத சனிக்கிழமைகளில் அந்தக் கெல்லருக்குப் போகிறேன். வராமல்போன மூன்று டிஸ்கெற்றுகளை இன்னும் எறியவில்லை. வேறொரு கருவியால் முயற்சி செய்து பார்க்கலாம் என்கிறார்கள். 1997 மலரின் அச்சுப் பிரதி உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து ஆசிரியருக்கு அறியத்தாருங்கள்.