தோட்டா ஒன்று, காடு பல

காட்டுக்குப் போகும் கருவிகள் – 9

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்கே ஏரிக்கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், ஆணியும் பெயின்ட்டும் பனி அள்ளும் வாரியும் விற்கும் ஒரு ஹார்டுவேர் கடை. நவம்பர் பிறந்தால் அந்தக் கடையின் பின்சுவர் அலமாரி முழுக்கத் தோட்டாப் பெட்டிகள் வந்து நிறைந்துவிடும். ‘தேங்ஸ்கிவிங்’ பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டைப் பருவம். அந்த ஒன்பது நாளும் ஊரே ஆரஞ்சு நிறச் சட்டையில் திரியும்.

பக்கத்து வீட்டு நண்பரோடு நான் போயிருந்தேன். அதுவரை அண்ணனின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர், சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருந்தார். ஒன்றுக்குத்தான் வசதி. ஆனால் ஆசை ஒன்றோடு நிற்கவில்லை. வருடா வருடம் இங்கே வெண்வால் மான், குலுக்கலில் பெயர் விழுந்தால் கருங்கரடி, வாழ்நாளில் ஒரு முறை கொலராடோ மலையில் எல்க் என்ற பெரிய மான், பிள்ளைகள் படித்து முடித்த பிறகு அலாஸ்காவில் மூஸ் மான். அறுபது, எழுபது கிலோ மானிலிருந்து அறுநூறு கிலோ மூஸ் வரை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே தோட்டா எது என்று கேட்டார்.

கல்லாவில் இருந்த பெரியவர் வாய் திறக்கவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரே ஒரு தோட்டாவை எடுத்து நண்பரின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அது என் கைக்கு வந்தது.

நடுவிரல் நீளம். பித்தளைக் கூடு மஞ்சள் மினுங்கலோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, தோளில் சரிந்து, கழுத்தில் ஒடுங்குகிறது. கழுத்தில் செம்பு போர்த்திய குண்டு இறுகப் பிடித்து நிற்கிறது. அடிப்பாகத்தைத் திருப்பினால் நடுவில் குட்டிப் பொட்டுபோல கேப். ஊசி அதைத் தட்டியதும் உள்ளே மருந்து எரிந்து, வாயு குண்டைத் தள்ளுகிறது. முழுசுக்கும் பெயர் தோட்டா. பறந்து போவது முன்னால் இருக்கும் குண்டு மட்டும்தான். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரத்துக் கதையே அதில்தான் இருக்கிறது.

கூட்டின் அடியில் பொறித்திருந்தது .30-06. ‘தேர்ட்டி ஆட் சிக்ஸ்’ என்பார்கள். முப்பது என்பது குழலின் உள்விட்டம், ஓர் அங்குலத்தின் நூறில் முப்பது பங்கு. ஆறு என்பது 1906-ஆம் ஆண்டு.

இது வேட்டைக்காரர்கள் கேட்டுச் செய்ததல்ல. 1903-இல் அமெரிக்க ராணுவம் புதிய துப்பாக்கிக்கு ஒரு தோட்டாவை ஏற்றது. அதன் குண்டு 220 கிரெயின் எடை, மழுங்கிய மூக்கு. இரண்டே வருடத்தில் ஜெர்மனி கூர்மூக்குக் குண்டைக் கொண்டுவந்தது. எடை குறைவு, வேகம் அதிகம், காற்றைக் கிழித்துக்கொண்டு தட்டையாகப் போகும். அமெரிக்கர்கள் தங்கள் தோட்டாவின் கழுத்தைச் சற்றே குறுக்கி, 150 கிரெயின் கூர்குண்டைப் பொருத்தி 1906-இல் வெளியிட்டார்கள். இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் அவர்கள் சுட்டது இதைத்தான். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கை பழகிய தோட்டாவும் இதுதான். ராணுவம் கழித்த துப்பாக்கிகள் மலிவாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. நூறு வருடம் கழித்தும், ஆணி விற்கும் கடை அலமாரியில் இது இருப்பதற்குக் காரணம் அதுதான். பல வேட்டைக்கும் ஒரே தோட்டா தேடுகிறவருக்கு இது பெரிய விஷயம். விமானத்தில் போன பெட்டி தொலைந்துவிட்டால், அலாஸ்காவின் கடைக்கோடி ஊரில் இறங்கிக் கேட்டாலும் கிடைக்கிற தோட்டாவாக இருக்க வேண்டும். நேற்று வந்த புதுரகம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கிரெயின் என்றேன். நம் ஊர் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கிறதே, அதில் ஏறக்குறைய பாதி எடை ஒரு கிரெயின். .30-06-க்கு 110 கிரெயினிலிருந்து 220 கிரெயின் வரை குண்டுகள் கடையில் கிடைக்கின்றன. 150 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,900 அடி வேகத்தில் கிளம்பும். மானுக்கு அது தாராளம். எல்க்குக்கு 180 கிரெயின், வேகம் 2,700 அடி. மூஸ், பெருங்கரடி என்றால் 200, 220 கிரெயின். மெதுவாகப் போனாலும் ஆழமாக இறங்கும். துப்பாக்கி அதேதான், பெட்டியை மாற்றினால் போதும். எடை மாறினால் குண்டு போய் விழும் இடமும் மாறும் என்பதால், புதுப் பெட்டி வாங்கியதும் தொலைநோக்கியைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலையில் சோம்பல் கூடாது. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது 85 கிரெயின் குண்டும், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும். 180 கிரெயின் .30-06 அங்கே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றலோடு போய்ச் சேரும்.

எடை மட்டும் பார்த்தால் போதாது. உடம்புக்குள் போனதும் குண்டு என்ன ஆகிறது என்பதுதான் உயிர் போகும் விதத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் சொன்னால் ஜான் நாஸ்லரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரகன் மாநிலத்தில் லாரித் தொழில் செய்துவந்தவர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் இருந்தது வேகமும் வலுவும் மிகுந்த .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். சேற்றில் புரண்டு, அந்தச் சேறு காய்ந்து ஓடுபோல் அப்பிய உடம்போடு ஒரு மூஸ் எதிரே நின்றது. சுட்டார். விலங்கு விழவில்லை. திரும்பத் திரும்பச் சுட்டும் குண்டுகள் மேல்தோலிலேயே சிதறின, நெஞ்சுக்குள் இறங்கவில்லை. வேகம் கூடியதே அங்கே வினையாகிவிட்டது.

ஊர் திரும்பியவர் ஒரு குண்டை வடிவமைத்தார். செம்பு உறைக்குள் குறுக்கே ஒரு செம்புச் சுவர். சுவருக்கு முன்னால் ஈயம், பின்னால் ஈயம். பட்டதும் முன்பாதி பூவாக விரிந்து அகலமான காயம் உண்டாக்கும். பின்பாதி சுவரின் தடுப்பில் உடையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ‘பார்ட்டிஷன்’ என்று பெயர் வைத்தார். 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. நெடுக்குவாட்டில் அறுத்த ஒன்றை அந்தக் கடைக்காரப் பெரியவர் கல்லாப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டு சிறு அறை, நடுவில் நகக்கனச் சுவர். பார்க்கும்போது அதைச் செய்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஒரு விலங்கு வதைபடாமல் சாக வேண்டும் என்ற கவலைதான் அந்தச் சுவர். ஈயத்துகள் கழுகுகளுக்கு நஞ்சாவதால் இப்போது முழுச் செம்புக் குண்டுகளும் வந்துவிட்டன. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்திருக்கிறது. அதுவும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இனி உதை. சுடும்போது துப்பாக்கி பின்னால் தோளில் இடிக்கும், அதைத்தான் உதை என்கிறோம். எட்டு பவுண்டு துப்பாக்கியில் .30-06-இன் உதை சுமார் 20 அடி-பவுண்டு. பெரும்பாலானவர்களால் பழகித் தாங்க முடிகிற எல்லை அதுதான். அதற்கு மேலே மேக்னம் ரகங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு நண்பர் மேக்னம் ஒன்றை வாங்கி, பருவத்துக்கு முன் ஆறே ஆறு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு வந்தார். உடன் நானும் இருந்தேன். எண்பது கெஜத்தில் மான், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. வெடித்தது. மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. குண்டு பட்டது நெஞ்சில் இல்லை, வயிற்றில். பனியில் ரத்தம் செம்மையாக இல்லாமல் பச்சை கலந்து கிடந்தபோதே தெரிந்துவிட்டது. நான்கு மணி நேரம் தடம் பிடித்துப் போனோம். இருட்டி, பனி பெய்து, தடமும் மூடிவிட்டது. மறுநாள் தேடியும் கிடைக்கவில்லை. எங்கோ ஒரு புதரடியில் இரவெல்லாம் அது துடித்திருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் சுடுபயிற்சித் திடலில் ஒரு சோதனை செய்தோம். அவருக்குத் தெரியாமல், நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகினேன். விசையை அழுத்தினார். ‘டிக்’ என்ற ஓசை மட்டும். ஆனால் துப்பாக்கி முனை ஒரு சாண் கீழே குத்தியது. கண் இறுக மூடியிருந்தது. தோள் முன்னால் பாய்ந்திருந்தது. உதைக்காத துப்பாக்கியின் உதைக்குப் பயந்த உடம்பு அது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த மானைத் தவறவிட்டது எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அலாஸ்காவின் மீன், வன உயிர்த் துறை வேட்டைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இதுதான்: சரியாகச் சுட்டுப் பழகாத புது மேக்னத்தைக் கொண்டுவருவதைவிட, நன்றாகச் சுட வருகிற .270 அல்லது .30-06 கொண்டுவாருங்கள். உலகின் மிகப் பெரிய மூஸ்களும் பழுப்புக் கரடிகளும் வாழும் மாநிலம் சொல்கிற சொல் இது. ஸ்வீடன்காரர்கள் 1894-இல் வந்த, தோளை வருத்தாத 6.5×55 தோட்டாவால் நூறு வருடத்துக்கு மேலாக மூஸ் வேட்டையாடி வருகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளில் ஜாக் ஓ’கானர் .270-க்காகவும், எல்மர் கீத் பருமனான கனத்த குண்டுக்காகவும் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சண்டை போட்டார்கள். ஓ’கானரின் மனைவி எலினார் சிறிய 7×57 தோட்டாவை வைத்துக்கொண்டு பல நாடுகளில் வேட்டையாடினார். அந்தச் சண்டைக்கு நான் தேடும் விடை அந்த அம்மையாரிடம்தான் இருக்கிறது.

அதே 7×57-க்கு இங்கிலாந்தில் .275 ரிக்பி என்று பெயர். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்ட துப்பாக்கி அந்த ரகம். 1926-இல் ருத்ரப்ரயாக் சிறுத்தையை வீழ்த்தியதும் அதுதான். நம் பக்கம் பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் தூக்கி நடந்தது .405 வின்செஸ்டர், 300 கிரெயின் குண்டு, கனமான உதை. அவரவர் காட்டுக்கும் உடம்புக்கும் ஏற்றது அவரவருக்கு. இந்தியாவில் தோட்டாவைத் தேர்வு செய்ததில் அரசின் அச்சத்துக்கும் பங்குண்டு. ராணுவத் தோட்டாவைக் கிளர்ச்சிக்காரர்கள் பயன்படுத்திவிடுவார்கள் என்று பயந்து, பிரிட்டிஷ் அரசு 1907-இல் .450 ரகத்தை இங்கே தடுத்தது. அதனால்தான் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதிது புதிதாகச் செய்தன. 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் காடுகளில் இதெல்லாம் பழங்கதை. அப்படியே இருக்கட்டும்.

ஆப்பிரிக்கா வேறு கணக்கு. யானை, காட்டெருமை என்றால் 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்தான் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கீழ்வரம்பு. உதை .30-06-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே போகாதவருக்கு அந்தச் சுமை எதற்கு?

நண்பர் கடைசி வரை தடுமாறியது .30-06-க்கும் .308-க்கும் நடுவில். 1952-இல் வந்த .308-இன் கூடு 63 மில்லிமீட்டருக்குப் பதில் 51 மில்லிமீட்டர்தான். துப்பாக்கி கைக்கு அடக்கம், உதையும் சற்றுக் குறைவு. மான் மட்டும்தான் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். 200, 220 கிரெயின் குண்டுகளில் பெரிய கூட்டுக்குத்தான் வலு அதிகம். மூஸ் கனவு அவருக்கு இருந்தது. .30-06-ஐ எடுத்தார். துப்பாக்கியோடு ஐந்து பெட்டி தோட்டா. கடைக்காரப் பெரியவர், “நாலு பெட்டி தாளுக்கு, ஒரு பெட்டி மானுக்கு” என்றார்.

பருவத்துக்கு முந்தைய ஞாயிறு வரை நண்பர் மாலைதோறும் திடலுக்கு வந்தார். நான்காவது பெட்டியில் பாதி தீர்ந்த அன்று, அவர் கவனிக்காத நேரம் பார்த்து வெற்றுத் தோட்டாவைச் செருகினேன். மூச்சை விட்டார். விரல் மெல்ல மடங்கியது. ‘டிக்.’

துப்பாக்கி முனை இருந்த இடத்திலேயே இருந்தது.

(தொடரும்)