அண்டைக் கடல் – 11: கள்ள முத்திரை

வானம் தெளிந்த நாளில் கொரியாவின் புசான் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் நீலமாக ஒரு மலைவரிசை தெரியும். ஜப்பானின் சுஷிமா தீவு அது. நடுவே ஐம்பது கிலோமீட்டர் தண்ணீர்தான். ஜப்பானின் கியூஷு கரையைவிட இந்தத் தீவுக்குக் கொரியாவே பக்கம். மலையும் காடுமான இடம். நெல் விளைய வயல் மிகக் குறைவு. கொரிய அரிசி வந்தால்தான் உலை கொதிக்கும்.

1592இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷியின் படைகள் கொரியாவுக்குள் புகுந்தன. 1598இல் அவர் இறந்த பிறகுதான் போர் ஓய்ந்தது. அதற்குள் உறவு அறுந்திருந்தது, அரிசியும் நின்றிருந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். சுஷிமாவுக்கோ பட்டினி.

சமாதானம் வேண்டுமானால் ஜப்பான் முதலில் கடிதம் எழுத வேண்டும் என்றது கொரியா. புது ஆட்சியாளர் தொகுகாவா இயெயாசு அப்படி இறங்கிவருவாரா? தீவை ஆண்ட சோ குடும்பத்தார் அதற்காகக் காத்திருக்கவில்லை. கடிதத்தைத் தாங்களே எழுதினார்கள். முத்திரையையும் தாங்களே செய்துகொண்டார்கள். கொரியர்களுக்குச் சந்தேகம் வராமலில்லை. ஆனாலும் 1607இல் தூதுக்குழு வந்தது. அது கொண்டுவந்ததோ பதில் கடிதம். எழுதாத கடிதத்துக்குப் பதில் வந்தால் குட்டு உடைந்துவிடுமே! அதையும் திருத்திவிட்டார்கள்.

பின்னால் சோ குடும்பத்தின் மூத்த அதிகாரி ஒருவரே இதைப் போட்டுக்கொடுத்தார். 1635இல் அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகன் இயெமித்சு தீர்ப்புச் சொன்னார். தலை போகிற குற்றம்தான். ஆனால் நாடுகடத்தப்பட்டவர் போட்டுக்கொடுத்தவர், பிரபு தப்பிவிட்டார். கொரியாவோடு பேசிப் பழகிய கை வேறு எங்கே இருந்தது? இந்தப் பித்தலாட்டத்தை நான் ராஜதந்திரம் என்றே சொல்வேன்.

1811 வரை பன்னிரண்டு தூதுக்குழுக்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் நானூறு, ஐந்நூறு பேர்: புலவர்கள், ஓவியர்கள், இசைக்காரர்கள், குதிரைமேல் வித்தை காட்டுபவர்கள். கொரிய மொழி கற்றுச் சுஷிமாவில் பணியாற்றிய அறிஞர் அமெனொமோரி ஹோஷு, ஏமாற்றாமல் உண்மையோடு பழகுவதே அண்டை உறவு என்று எழுதினார். கள்ளக் கடிதம் பிறந்த தீவிலிருந்து இப்படி ஒரு குரல்! இத்தூதுகளின் ஆவணங்களை இரு நாட்டு மக்கள் அமைப்புகளும் சேர்ந்து முன்மொழிய, 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேடு ஏற்றுக்கொண்டது.

அந்தத் தூதுக்குழு ஊர்வலத்தைத் தீவுக்காரர்கள் ஆண்டுதோறும் வேடமிட்டு நடத்துகிறார்கள். 2013இல் நடத்தவில்லை. முந்தைய ஆண்டு கொரியத் திருடர்கள் தீவின் கன்னொன்ஜி கோயிலில் ஐம்பது சென்டிமீட்டர் உயரப் போதிசத்துவர் சிலையைத் திருடிப் போயிருந்தார்கள். திருடர்கள் பிடிபட்டும் சிலை திரும்பவில்லை. அது 1330இல் தங்களுக்காக வார்க்கப்பட்டது, ஜப்பானியக் கடற்கொள்ளையர் கவர்ந்துபோனது என்று கொரியாவின் புசொக்சா கோயில் வழக்குப் போட்டது. 2017இல் கீழ்நீதிமன்றம் அதன் பக்கம் நின்றது. 2023இல் கொரிய உச்ச நீதிமன்றம், இத்தனை காலம் வைத்திருந்த கன்னொன்ஜிக்கே உரிமை என்று முடித்தது.

ஊர்வலம் அதுவரை காத்திருக்கவில்லை. 2014லேயே மறுபடி புறப்பட்டுவிட்டது. கொரியப் பயணிகள் இல்லாமல் தீவின் கடைத்தெரு ஓடாது.

தீர்ப்புக்குப் பின், சிலையை நூறு நாள் புசொக்சாவில் வைத்து வழிபடக் கன்னொன்ஜி சம்மதித்தது; 2025 ஜனவரியில் சிலை அங்கே போனது. மே மாதம் அது கடல் தாண்டித் தீவுக்கு வந்தது. இப்போது கோயிலில் இல்லை; பாதுகாப்புக்காகத் தீவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.