மஞ்சட் பூக்களை இதழால் அறிதல்

விழுப்புரம் ஜில்லாவில் மரக்காணத்து உப்பளங்களை அடுத்த கரையோரக் கிராமங்களில், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர் வேலியோரங்களிலும் கிணற்றடிகளிலும் மணல்மேடுகளிலும் மஞ்சள் நிறமுள்ள சிறு பூக்கள் பல காணப்படும். வீட்டுத் தோட்டங்களிலும் சாமந்தி, காஸ்மாஸ் முதலியவை அவற்றை ஒத்த தோற்றத்துடன் பூக்கின்றன. தூரத்திலிருந்து நோக்குவோருக்கு எல்லாம் ஒன்றே போல் தோன்றும். மருந்துக்கென்று ஒன்றைப் பறிக்கப் போய் வேறொன்றைக் கொண்டுவருவதும், அழகுக்கென்று நட்டது கட்டுக்கடங்காத களையாவதும் இத்தோற்ற ஒற்றுமையால் நேரக்கூடியவை. ஆதலால் இவற்றைப் பிரித்தறியும் வழியைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

இவை யாவும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று கூறுவது உண்மையில் பல பூக்களின் கூட்டமேயாகும். நடுவிலுள்ள வட்டத்தில் குழல் வடிவான சிறு பூக்கள் நெருங்கியிருக்கும். விளிம்பில் இதழ் போல் நீண்டிருப்பவையும் தனித்தனிப் பூக்களே. அவ்விதழ் ஒவ்வொன்றும் பல சிற்றிதழ்கள் ஒட்டி உண்டானதாகையால், அதன் நுனியில் காணும் பற்கள் ஒட்டிய சிற்றிதழ்களின் அடையாளமாகும். சாமந்தி, கரிசலாங்கண்ணி இனங்களில் இப்பற்கள் சாதாரணமாய் இரண்டு அல்லது மூன்று. ஒரு கூட்டத்தில் மட்டும் ஐந்து.

அந்த ஐந்து பல்லுள்ள கூட்டத்தைச் சேர்ந்ததே கடற்கரை மணலில் படரும் எழுத்தாணிப்பூண்டு. இதன் பூவில் நடுவட்டம் என்பதே கிடையாது. உள்ளும் புறமும் பட்டை போன்ற பூக்களே நிறைந்திருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும். ஓடு தண்டுகள் கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிடித்துக் கொள்ளுவதால் மணல் பறக்கும் இடங்களில் இதனைப் பிடுங்காதிருத்தல் நலம். உப்பளக் கரைகளிலோ உமரி முதலிய உவர் தாங்கும் பூண்டுகளே மிகுதி. அங்கே இம்மஞ்சட் பூக்களைத் தேட வேண்டியதில்லை.

வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றடிப் பூண்டு என்றும் வழங்குவதை யாவரும் அறிவர். அதன் விளிம்பிதழ்கள் நான்கைந்தே, நிறம் வெளிறியது, நுனி மூன்றாய்ப் பிளந்திருக்கும், பூக்காம்பு மிக நீண்டது. இதனை வேறொன்றாகக் கருதுவதற்கு இடமில்லை.

சங்கடம் மஞ்சள் கரிசலாங்கண்ணியில்தான் உண்டாகிறது. பொற்றலைக்கையாந்தகரை என்னும் இதனைக் காமாலை முதலிய பிணிகளுக்குச் சித்த வைத்தியர்கள் வழங்கிவருகின்றனர். இதனைப் போன்றே பூக்கும் சிங்கப்பூர் டெய்சி என்னும் செடி அமெரிக்காவின் உஷ்ணப் பிரதேசங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்தது. தரையை மூடிப் படர்வதால் பலரும் விரும்பி நடுகின்றனர். தாவர நூலார் இரண்டையும் இப்போது ஸ்பாக்னெடிகோலா என்னும் ஒரே பேரினத்தில் வைத்திருக்கின்றனர். இரண்டிலும் இதழ்கள் ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு வரை, நுனியில் இரண்டு மூன்று பற்கள், நிறமும் ஒன்றே. இதழை மட்டும் நம்பினால் இங்கே ஏமாற நேரிடும். இலையைப் பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, தொட்டால் சொரசொரப்பாய், மடலின்றி இருக்கும். மற்றதன் இலை தடித்துப் பளபளப்பாய், இருபக்கமும் ஒவ்வொரு மடல் விரிந்து மூன்று பிரிவாய்த் தோன்றும். ‘மூன்று மடலுடையது’ என்னும் பொருள்பட்ட லத்தீன் பெயரும் அதற்கு உண்டு. இளங்கிளைகளில் மடல் தெளிவாயிராமலும் போகலாம் ஆதலால், ஓரிலையைக் கொண்டு முடிவு செய்யாமல் பத்து இலைகளையேனும் பார்த்தல் வேண்டும். வைத்தியர் குறிப்பிடுவது முந்தையதே. பிந்தையதை அதற்குப் பதிலாக உட்கொள்ளுதல் தகாது.

தோட்டச் செடிகளில் காஸ்மாஸுக்கு அகன்ற இதழ்கள் எட்டு. நுனியில் மூன்று பற்கள். இலை ஆழ்ந்து பிளவுபட்டது. கோரியாப்ஸிஸ் பூவுக்கும் இதழ் எட்டே. சிலவற்றில் அடியில் செம்பழுப்புக் கறை காணப்படும். சூரியகாந்தியின் இதழ்கள் பல, நுனி கூரியது. அவ்விதழைப் பிடுங்கி அடியைப் பார்த்தால் சூல்முடி இராது, அது மலடு. விதை நடுவட்டத்திலேயே உண்டாகும். கரிசலாங்கண்ணியின் இதழடியிலோ இரு கிளையாய்ப் பிரிந்த சூல்முடி காணப்படும். அவ்விதழ்ப் பூவும் விதை தரும். கைக்கண்ணாடி ஒன்றிருந்தால் இதை எளிதில் காணலாம். அடுக்குச் சாமந்தியிலும் துலுக்கச் சாமந்தியிலும் நடுப்பூக்களும் இதழாய் மாறிவிட்டமையால் எண்ணிப் பார்ப்பது வீண். பூவைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும்: துலுக்கச் சாமந்தியில் பச்சைச் செதில்கள் ஒட்டிக் கிண்ணம் போலிருக்கும், சாமந்தியில் அவை தனித்தனியே பல அடுக்காயிருக்கும்.

சிங்கப்பூர் டெய்சி பெரும்பாலும் விதையாலன்றித் தண்டினாலேயே பரவுகிறது. கணுவுள்ள சிறு துண்டு ஈரமண்ணில் விழுந்தாலும் வேர்விட்டு, மற்ற பூண்டுகளை மூடி அழித்துவிடும். உலகில் மிகவும் கேடு விளைக்கும் நூறு அந்நிய உயிர்களின் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டுள்ளது. உவர்க்காற்றையும் ஓரளவு தாங்குவதால் கரையோரத்தார் இதில் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவெளி, 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலையாகும். அதற்குச் செல்லும் வாய்க்கால்களில் தோட்டக் கழிவைக் கொட்டலாகாது. இச்செடியை அகற்ற விரும்புவோர் மண் ஈரமாயிருக்கும்போது வேருடன் கிளறியெடுத்து, கருங்கல் தளத்திலோ சிமெண்டுத் தரையிலோ பரப்பி, முற்றிலும் காய்ந்த பின்னரே அப்புறப்படுத்துதல் வேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதே இடத்தை மறுபடியும் பார்த்து, விட்டுப்போன கணுக்களிலிருந்து துளிர்த்தவற்றை எடுத்துவிட வேண்டும்.