முதிர்ந்த கோழியின் அருமை

முட்டையிடுவதை நிறுத்திய கோழியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் பலர். இத்தாலிய நாட்டிலோ, 'கிழக்கோழியே நல்ல சூப்புத் தரும்' என்பது பழமொழி. இளங்கோழி விரைவில் குழைந்துவிடும். முதிர்ந்த கோழியின் நார்த்தசையும் எலும்பும் நெடுநேரம் வேகுங்கால் நீருக்குச் சாரமும் திடமும் அளிக்கின்றன. அந்நாட்டார் இல்லங்களில் செய்யும் முறையை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியைச் சுத்தம் செய்து, 3 லிட்டர் குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றுக. குளிர்ந்த நீரில் தொடங்கி, பொங்கி வழியாதவாறு மெல்லிய தீயில் காய்ச்ச வேண்டும் என்பதை பெல்லெக்ரீனோ ஆர்தூசி 1891-ஆம் ஆண்டு வெளியிட்ட சமையல் நூலிலேயே காணலாம். நுரையை அகற்றியபின் வெங்காயம் 1, காரட் 2, செலரித் தண்டு 2, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து 3 மணி நேரம் வேகவிடுக. பிறகு எலும்பை நீக்கி, இறைச்சியைப் பிய்த்துப் போட்டு, சிறிய பாஸ்தா 200 கிராம் இட்டு, அது வெந்ததும் இறக்குக.

பார்மிஜானோ பாலாடைக்கட்டியின் காய்ந்த தோலையும் அவர்கள் எறிவதில்லை. சுரண்டித் துப்புரவாக்கிச் சூப்பிலிட்டுச் சுவை கூட்டுகின்றனர். ஒரு முழுக் கட்டிக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் தேவை; தோலும் வீணாகலாகாது என்பது அவர்தம் கணக்கு. அக்கட்டியைச் செய்யும் பாற்கூடங்களிற் பல, பால் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கங்களே என்பதும் நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள், முதிர்ந்த கோழியை விற்குமுன், கைக்கு வரும் காசையும் குடும்பத்தார் பெறும் உணவையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.