பர்னாந்து தாத்தா போர்ச்சுக்கல்காரரா?

திருப்பூர் பக்கத்துப் பசங்களுக்கு இந்த மேட்டரைப் புரிய வைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஒரு பனியனைக் கையில எடுத்தாப் போதும். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங்... எல்லாம் இங்கதான். கடைசியில கழுத்துல ஒரு லேபிள் வெச்சுத் தைப்பாங்க பாருங்க, அதுல மட்டும் ஏதோ ஒரு ஐரோப்பியக் கம்பெனி பேரு! லேபிளை மட்டும் படிக்கிறவருக்கு பெருமாநல்லூர்னு ஒரு ஊர் இருக்கறதே தெரியாது.

துணிக்கு ஓகே. மனுஷங்களுக்கும் இப்படி ஒரு லேபிள் தெச்சிருந்தா?

தெற்குச் சீமையிலிருந்து பொழைப்புத் தேடி திருப்பூர் வட்டாரத்துக்கு வந்து செட்டிலான குடும்பங்கள் நிறைய. அதனால வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப கந்தசாமிக்கும் கார்த்திகேயனுக்கும் நடுவுல திடீர்னு ஒரு பர்னாந்து, ஒரு ரொட்ரிகோ, ஒரு மிராந்தா எட்டிப் பார்த்தா ஆச்சரியமில்லை. உடனே பின் பெஞ்சுல ஆரம்பிச்சிடும்... 'டேய், உங்க தாத்தா வெள்ளைக்காரனாடா?' சம்பந்தப்பட்டவரும் சிரிச்சு மழுப்பிடுவார். ஏன்னா, பதில் அவருக்கும் தெரியாது!

சரி, தேடித்தான் பார்ப்போமே.

முத்தும் தண்ணியும்

கதை ஆரம்பிக்கிறது தூத்துக்குடிப் பக்கம், முத்துக்குளித்துறைக் கடற்கரையில. 1530-கள்ல முத்துக் குளிக்கிற உரிமைக்காகக் கடல்ல பெரிய தகராறு. பரதவ மக்களுக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அப்போ கடல்ல பலமான கை போர்ச்சுக்கீசியர்களுடையது. நடுவுல நின்னு பேசி முடிச்சவர் ஜோவான் த குரூஸ் என்கிற குதிரை வியாபாரி. பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்னு நினைச்சுடாதீங்க, அவரே மலபார்க்காரர்தான்! போர்ச்சுக்கல் போய் ஞானஸ்நானம் வாங்கி, அந்தப் பெயரோட திரும்பி வந்தவர்.

பரதவர்களோட பிரதிநிதிகள் கொச்சிக்குப் போனாங்க. 1535-லிருந்து 1537-க்குள்ள சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாக வரலாறு சொல்லுது. பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது 1542-ல. அதாவது, அவர் வர்றதுக்கு முன்னாடியே பெயர் மாத்தியாச்சு!

ஞானஸ்நானம்னா தலையில ஊத்தற தண்ணி மட்டுமில்ல, ஒரு புதுப் பெயரும் வேணும். அந்தப் பெயர்கள் வந்தது போர்ச்சுக்கீசியர்கள்கிட்டயிருந்து. ஞானத்தகப்பனா நின்னவரோட பெயர், கேப்டன் பெயர், சாமியார் பெயர், புனிதர் பெயர்னு கிடைச்சது ஒட்டிக்கிச்சு. பர்னாந்து, கொரேரா, மோத்தா, வாஸ், மச்சாது, தல்மெய்தா... இப்படித்தான் ஒரு கடற்கரையே புது லேபிள் மாட்டிக்கிச்சு.

இதுக்கு சாட்சியும் இருக்கு. 1554-ல லிஸ்பன் நகரத்துல ஒரு தமிழ் ஜெப புத்தகம் அச்சாச்சு. தமிழை ரோமன் எழுத்துல அச்சடிச்சாங்க. அதைத் தயார் பண்ணின மூணு பேரோட பெயர்கள்: வின்சென்ட் த நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ். மூணு பேருமே நம்ம பக்கத்திலிருந்து போனவங்கன்னுதான் ஆராய்ச்சியாளர்கள் கருதறாங்க. பெயர் பக்கா போர்ச்சுக்கல், வாயில தமிழ்!

ஆக, சர்நேம் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கு என்பதால ரத்தமும் அங்கிருந்து வந்ததுன்னு சொல்ல முடியாது. அதே சமயம், கலப்பே கிடையாதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. கொச்சி, கோவா, இலங்கையில மட்டக்களப்புன்னு பல ஊர்கள்ல போர்ச்சுக்கீசிய வாரிசுகள் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தனிக் கதை. பெயரை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

லேபிளுக்குள்ள லேபிள்

இப்போ இன்னும் ஆழமாத் தோண்டலாம். அந்தப் பெயர்கள் போர்ச்சுக்கலோட சொந்தச் சரக்கா?

பெர்னாண்டஸ்னா 'பெர்னாண்டோவின் மகன்'. ரொட்ரிகஸ்னா 'ரொட்ரிகோவின் மகன்'. நம்ம இன்ஷியல் மாதிரியே அப்பா பேருதான்! பெரேரான்னா பேரிக்காய் மரம், சில்வான்னா காடு, மச்சாதுன்னா கோடாலி, கோஸ்தான்னா கடற்கரை.

பெர்னாண்டோ என்ற பெயரோ போர்ச்சுக்கல்ல பிறக்கவே இல்ல. 5-ம் நூற்றாண்டுல அந்தப் பக்கம் புகுந்து, 711 வரைக்கும் ஆண்ட விசிகோத் என்கிற ஜெர்மானியக் கூட்டத்தோட மொழியிலிருந்து வந்தது. அதுல ஒரு பாதிக்குத் துணிச்சல்னு அர்த்தம். இன்னொரு பாதிக்குப் பயணமா, சமாதானமான்னு அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தல்மெய்தா இன்னும் ஜோர். அதோட மூலமான அல்மெய்தா ஒரு ஊர்ப் பெயர், அதுவும் அரபு மொழியிலிருந்து வந்தது! ஐரோப்பான்னு நினைச்சுத் தேடிப் போனா, வழி அரேபியாவுக்குத் திரும்புது.

தலைகீழா ஒரு கதை

இதுக்கு நேர் எதிரான கேஸும் இருக்கு. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' நாவலுக்காக 1992-ல புக்கர் பரிசு வாங்கினவர் மைக்கேல் ஒண்டாச்சி. 1943-ல கொழும்புல பிறந்து கனடாவுல வாழ்றவர். அவர் பெயரோட ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தா அச்சு அசல் டச்சுக் குடும்பம்னுதான் தோணும்.

ஆனா குடும்பக் கதை வேற சொல்லுது. மூதாதை ஒரு தமிழ் வைத்தியர். 1659-ல டச்சு கவர்னர் வீட்டு நோயாளிக்கு வைத்தியம் பார்க்க தஞ்சாவூர்லயிருந்து இலங்கைக்குப் போனாராம். அங்கேயே தங்கிட்டார். அவரோட தமிழ்ப் பெயர்தான் டச்சு எழுத்துக்கூட்டல்ல சட்டை மாத்திக்கிச்சு.

மைக்கேல் ஒண்டாச்சியே தன் குடும்பத்தைப் பத்தி 1982-ல எழுதின புத்தகத்துல அந்த வைத்தியர் வந்ததை 1600-னு சொல்றார். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினதே 1602-லதான்! அப்புறம் எப்படி அதுக்கு முன்னாடியே டச்சு கவர்னர்? வீட்டுக் கதையில வருஷம் இப்படித்தான் நழுவும். அதுக்காகக் கதையே பொய்னு தூக்கிப் போட்டுடவும் முடியாது.

அதே குடும்பத்துல இன்னொரு ஹீரோ, குவின்ட் ஒண்டாச்சி. 1758-ல கொழும்புல பிறந்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துல படிக்கப் போன ஸ்டூடண்ட். 'நகர சபையை மக்களே தேர்ந்தெடுக்கணும்'னு 1780-கள்ல அங்கே கிளம்பின இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1787-ல பிரஷ்யப் படை புகுந்து இயக்கத்தை நொறுக்க, அவர் பிரான்சுக்குத் தப்பினார். டச்சுக்காரர்களுக்கு ஓட்டுரிமைப் பாடம் எடுத்த மாணவர் தலைவரோட சர்நேம்ல ஒரு தமிழ் வைத்தியர் ஒளிஞ்சிருக்கார். செம இல்ல?

பெயர்ல என்ன இருக்கு?

நிறைய இருக்கு பாஸ். 1929-ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டத்தைப் பெயர்லயிருந்து வெட்டச் சொன்னது. அதனாலதான் இன்னிக்கு நம்மில் பலர் பாஸ்போர்ட் பாரத்துல சர்நேம் கட்டத்தைப் பார்த்ததும் முழிச்சு, அப்பா பேரை எழுதறோம். பர்னாந்துகளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனா அவங்களுக்கு வேற தொல்லை. பெயரைக் கேட்டதுமே ஊரையும் ஜாதியையும் கணக்குப் போடறவங்க ஒரு பக்கம், 'நீங்க தமிழா?'னு கேட்கறவங்க இன்னொரு பக்கம்.

இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் வரலாறு நல்லா பதில் சொல்லுது. தூத்துக்குடிக்குக் குடிதண்ணி கொண்டு வர உழைச்ச நகரசபைத் தலைவர் பெயர் குரூஸ் பர்னாந்து. தமிழ் சினிமாவைச் சிரிக்க வெச்ச சந்திரபாபுவோட முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரொட்ரிகஸ். 'கொற்கை' நாவலுக்காக 2013-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினவர் ஜோ டி குரூஸ். இவங்களைவிடத் தமிழா இருக்கணும்னா இன்னும் என்ன பண்ணணும்?

நீங்களும் தேடலாம்

* முதல் ஆவணம் உங்க வீட்டுப் பாட்டி. இந்த லீவுலயே உட்கார்ந்து கேளுங்க, எழுதி வைங்க.

* சொந்த ஊர்ப் பங்குக் கோயில்ல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் பதிவேடு இருக்கும். பங்குச் சாமியார்கிட்ட முறையா அனுமதி கேளுங்க.

* பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ்... எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்க. எழுதினவர் கை போன போக்குல பெயரும் போயிருக்கும்.

* கல்லறைக் கல்லையும் விடாதீங்க.

* நெட்டுல 'உங்கள் குடும்பச் சின்னம்'னு கேடயமும் சிங்கமும் போட்டு விற்பாங்க. காசு கொடுக்காதீங்க. ஒரே பெயர் இருக்கறவங்க எல்லாம் ஒரே குடும்பம் கிடையாது.

தேடி முடிச்சாலும், 1537-ல எந்தக் கை உங்க மூதாதை தலையில தண்ணி ஊத்துச்சுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியாமப் போகலாம். பரவால்ல. லேபிளைத் தெச்சது யாரா வேணா இருக்கட்டும், நூல் எந்த ஊருன்னு தெரிஞ்சா போதாதா? அடுத்த தடவை பின் பெஞ்சுல யாராவது 'உங்க தாத்தா வெள்ளைக்காரனா?'னு கேட்டா மழுப்ப வேண்டாம். 'உட்காரு மச்சி, பெரிய கதை'ன்னு ஆரம்பிங்க!