முதன்முதலாக பாக்ஸிங் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

வடசென்னை பல தலைமுறைகளாகக் கொண்டாடிவரும் குத்துச்சண்டை, இப்போது ஊரெங்கும் ஜிம்களில் உடற்பயிற்சியாகவே கற்றுத்தரப்படுகிறது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், ஐம்பதைத் தாண்டிய பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். வரவேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் முதல் நாளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

அடி வாங்க வேண்டியதில்லை

இந்த வகுப்பில் யாரும் உங்கள் மேல் கை வைக்கப்போவதில்லை. தொங்கும் பையையோ, மாஸ்டர் கையில் பிடித்திருக்கும் பேடையோதான் குத்துவீர்கள். தலையில் அடிபடும் ஆபத்து எதிரெதிரே நின்று மோதும்போதுதான் வரும். உங்களை மோதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வகுப்பில் பின்பற்றும் மூன்று நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்ற கணக்கு, குத்துச்சண்டைக்காக 1867-ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலேயே இருக்கிறது. இதயத் துடிப்பை ஏற்றி இறக்கும் நல்ல பயிற்சி அது. புதியவர்களுக்கு இரண்டு நிமிடச் சுற்றே போதும்.

கைக்கட்டு

கிளவுஸ் வாங்க அவசரப்பட வேண்டாம். பிடித்துப்போனால் பிறகு வாங்கலாம். கையில் சுற்றும் துணிப்பட்டையை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு நான்கரை மீட்டர் நீளம் சரியாக இருக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளின் வழியே ஒவ்வொரு சுற்று, மீதியை மறுபடி மணிக்கட்டில் சுற்றி ஒட்டிவிட வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டே சுற்றினால், கட்டு முடிந்ததும் கை மரத்துப்போகும். விரல் நுனி வெளுத்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஜிம்மில் பலரும் போட்டுக் கழற்றிய கிளவுஸின் வியர்வை நேரே தோலில் படாமல் தடுப்பதும் இந்தத் துணிதான். ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

குத்து பாதத்தில் பிறக்கிறது

புதியவர்கள் தோளை மட்டும் நம்பிக் குத்துகிறார்கள். அதனால்தான் பத்தே நிமிடத்தில் தோள் துவண்டுவிடுகிறது. பின்காலின் குதிகால் எழும்ப, இடுப்பு திரும்ப, அந்த வேகம் கைக்கு வர வேண்டும். மணிக்கட்டு வளையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் பையில் பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் உள்ளங்கை எலும்பு முறியக்கூடும். அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘பாக்ஸர் முறிவு’. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடாதீர்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

முதல் நாள் கால்வாசி பலத்தில் குத்தினால் போதும். புதிதாக வந்தவரை ‘இன்னும் வேகமா, இன்னும் பலமா’ என்று விரட்டும் இடமாக இருந்தால், தயங்காமல் வேறு வகுப்பு தேடுங்கள்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தோள் நழுவிய அனுபவம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் அப்படியே. கடும் பயிற்சியில் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். இன்சுலின் போடுபவர்கள் கையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நடுவில் நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

மறுநாள்

தோளும் முதுகும் வலிக்கும். இரண்டாம் நாள் இன்னும் கூடலாம். பயப்பட வேண்டாம், தானே அடங்கிவிடும். ஆனால் கடுமையான தசைவலியோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. மற்றபடி, வலி தணிந்த பின் அடுத்த வகுப்புக்குப் போகலாம். பழகியபின் வாரத்துக்கு இரண்டு வகுப்பு வைத்துக்கொண்டால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 75 நிமிடக் கடும் பயிற்சியை எட்டிவிடலாம்.