நாய்க் கொட்டிலின் துர்நாற்றமும் அதற்குப் பரிகாரமும்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுக்கிடைக் காவலுக்கும் நாய் வளர்ப்பது தமிழ்நாட்டுக் குடியானவர்களின் நெடுங்கால வழக்கமாகும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய ஜாதி நாய்கள் பேர்பெற்றவை; ராஜபாளையம் நாயின் உருவம் 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் தலையிலும் இடம்பெற்றது. இத்தனை மதிப்புள்ள பிராணியை மாட்டுத் தொழுவத்தின் மூலையிலோ கிணற்றடி மரத்திலோ வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிவைத்திருப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். அவ்விடத்து மண் மூத்திரத்தில் ஊறி, மழை பெய்தவுடன் வீட்டுக்காரரே மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது.

மூத்திரத்திலுள்ள யூரியாவை மண்ணில் வாழும் நுண்கிருமிகள் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. கண்ணைக் கரிக்கும் நெடி அதனால் உண்டாவதே. இதற்குப் பரிகாரமாகச் சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் அள்ளித் தூவுவதுண்டு. மலத்தின் மீது சாம்பல் போட்டால் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அதில் பிழையில்லை. மூத்திரம் ஊறிய தரையிலோ பலன் நேர்மாறானது. இவ்விரண்டும் காரத்தன்மையுடையவை, காரம் சேர்ந்ததும், மண்ணில் அடங்கிக் கிடந்த அம்மோனியாவும் வாயுவாகக் கிளம்பிவிடும். நீற்றாத சுண்ணாம்பு நாயின் பாதங்களையும் பொசுக்கும். இவற்றுக்குப் பதிலாக ஜிப்சத்தைப் பொடியாகத் தூவினால், அது அம்மோனியாவை அம்மோனியம் சல்பேட்டாக மாற்றிப் பிடித்துவைக்கும். ஜிப்சம் அகப்படாதவிடத்து மரத்தூளையோ காய்ந்த செம்மண்ணையோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது அள்ளிவிடலாம்.

ஆயினும் மண் தரை மண் தரையே. நெடுநாள் ஊறிய மண்ணை அரையடி ஆழம் வெட்டியெடுத்துவிட்டு, சிமெண்டுத் தளமோ, சந்துகளைச் சிமெண்டால் அடைத்த கடப்பைக்கல் தளமோ போடுவது உத்தமம். நாலடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருத்தல் அவசியம். காலை வெயில் உள்ளே விழும்படி கிழக்கு முகம் திறந்திருக்கட்டும். நாய் படுப்பதற்குத் தரையினின்று அரையடி உயர்ந்த பலகை போதும். கழிவுநீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடலாகாது. எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வெளிப்பட்டு, ஈரத்தில் உயிரோடிருக்கும். கிணற்றுக்கு ஐம்பதடிக்குக் குறையாத தூரத்தில், பள்ளப்புறமாக, ஓர் உறிஞ்சுகுழி வெட்டி அதில் விடுவதே தகும்.

கழுவும் முறையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மலத்தை அள்ளி அகற்றி, பின்பு ஏராளமான நீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே மருந்து தெளிக்க வேண்டும். மூத்திர ஈரத்தின் மேல் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மூச்சுத் திணறச் செய்யும் வாயு எழும். கழுவிய தளத்துக்குப் பத்து லிட்டர் நீரில் அறுபது கிராம் பவுடர் கரைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி நீர்விட்டு அலம்பி, காய்ந்த பின் நாயை விடுக. 1978-ல் உலகெங்கும் தலைகாட்டிய பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி பல மருந்துகளுக்கு மசியாதது, இதற்கு மசியும். ஃபினைல் வாசனை நாற்றத்தை மறைக்கும், அவ்வளவே. அதை நாய் நக்குமாயின் கெடுதி.

மலத்தைத் தினந்தோறும் அள்ளுவதை மட்டும் ஒத்திப்போடலாகாது. அதில் வெளிப்படும் கொக்கிப்புழு முட்டைகள் ஈரமண்ணில் ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரத்தில் வெறுங்காலின் தோல் வழியே உட்புகக்கூடிய நிலையை அடைகின்றன. கொட்டிலருகே விளையாடும் குழந்தைகளுக்கே இதில் ஆபத்து மிகுதி. கால்நடைக்கும் நஷ்டம் உண்டு. நாய்மலம் கலந்த புல்லை மேயும் ஆட்டின் மூளையில் நாடாப்புழுவின் கட்டி வளர, அந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து மடியும். வேறொரு நாடாப்புழுவினால் மாட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் உண்டாகும், மனிதருக்கும் அவ்வாறே. ஆகையால் நாய் மலத்தைத் தொழுவுரக் குப்பையோடும் காய்கறிப் பாத்திக்கு இடும் எருவோடும் சேர்க்காமல், மூன்றடிக் குழியில் இட்டு மண்மூடுவதே முறை. வைக்கோற்போரடியில் நாயைக் கட்டுவதும் தவறு. மலம் பட்ட தீவனத்தால் சினைமாடு கன்று வீசுவதுண்டு.

அந்த நாடாப்புழுக்கள் நாய்க்கு வந்து சேர்வது, கட்டியுள்ள ஆட்டுத்தலையையும் ஈரலையும் பச்சையாகத் தின்பதனால். கால்நடை மருத்துவரின் யோசனைப்படி பிராசிகுவான்டல் மாத்திரை கொடுத்துவருவது வளர்ப்பவர் பொறுப்பு. அறுத்த ஆட்டின் கழிவுகள் ஊர்ப்புறத்தில் எறியப்படாமல் ஆழப் புதைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது, சந்தை நாட்களிலும் கோயில் கொடை நாட்களிலுமாவது, கிராம உத்தியோகஸ்தர்கள் தம் கவனத்தில் வைக்கவேண்டிய காரியம்.